ப்ளே இல்லாத கிடார்

எங்கள் வீட்டில் 'ப்ளே' என்றால் விளையாட்டும் இல்லை, வாசிப்பதும் இல்லை. ஆடக் கூடாத ஒன்று ஆடுவதற்குப் பெயர்தான் ப்ளே. கதவுக் கீல் ஆடினால் ப்ளே. குக்கர் கைப்பிடி ஆடினால் ப்ளே. என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் வேலை செய்கிறவர். இரும்பை முடியளவுகூடப் பிசகாமல் கடைந்து கொடுப்பது அவர் பிழைப்பு. அங்கே ப்ளே இருக்கிற பொருளைச் செய்தவனுக்கு மரியாதை கிடையாது. அந்தக் கண்டிப்பை அவர் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை. தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மேனாம்பேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார்.

"இன்னாமே, இந்த நாக்காலில ப்ளே கீது. சொல்ல மாட்டியா?" என்பார். செருப்பைக் கழற்றியிருக்க மாட்டார், கையில் ஸ்பேனர் வந்துவிடும்.

எங்கள் தெருவில் குழாய் சொட்டாத வீடு எங்களுடையது ஒன்றுதான். உனக்கென்னம்மா, ஆளைத் தேடி அலைய வேண்டாம் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்லும்போது நானும் சிரித்துவைப்பேன். தன் வீட்டு ஜன்னலை எவ்வளவு தூரம் திறப்பது என்பதைக்கூட இன்னொருவர் திருகி நிறுத்திவைத்திருந்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

நான் பாட்டு டீச்சராக இருந்தேன். ஆவடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. காலையில் பிரேயர், அப்புறம் வகுப்பு வகுப்பாகப் போய் ஹார்மோனியப் பெட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கத்தவிடாமல் பாடவைப்பது. பெரிய வித்வத்து ஒன்றும் எனக்குக் கிடையாது. ஆனால் குழைவு இருந்தது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொரு ஸ்வரத்துக்கு நடுவில் அறுந்துபோகாமல் போய், போன வழியே திரும்பி வருவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வரும். சஹானா ராகத்தில் ஒரு பிடியைப் பாடிக் காட்டினால், கடைசி பெஞ்சில் ரப்பர் பேண்டு விட்டுக்கொண்டிருப்பவன்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுப் பார்ப்பான். எனக்கு அது போதுமாக இருந்தது.

கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். குரல் மாறினாலும் மாறலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்கள், அதனால் யாரையும் திட்டவும் வழியில்லை. பேச்சு திரும்ப வந்தது. தாழ்ந்த, கரகரவென்ற பேச்சு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பாட்டு வரவில்லை. மேலே ஏறப் பார்த்தால் வெறும் காற்றுதான் வந்தது. கோபம் வந்து கத்தினாலும் அப்படித்தான். மனிதருக்குக் கோபம் வரும்போது கத்த முடியாமல் போவது எவ்வளவு பெரிய கேவலம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு என் வீட்டுக்காரர் விளக்கம் சொன்னார். "ஒண்ணுமில்ல, டீச்சரம்மாவுக்குத் தொண்டையில கொஞ்சம் ப்ளே உழுந்துடுச்சி. செட் ஆயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். சிரிப்பும் காற்றாகத்தான் வந்தது.

பள்ளியில் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை, அவ்வளவு நல்லவர்கள். ஆபீஸில் உட்காரவைத்தார்கள். பிள்ளை இன்று வரவில்லை என்று பெற்றோருக்கு மெசேஜ் அனுப்பும் வேலை. பிரேயருக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கினார்கள். அதற்குத் தைராய்டு வராது, லீவும் கேட்காது. தினமும் காலையில் அது பாடும்போது நான் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, வராத பிள்ளைகளின் பெயரைத் தேடிக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில்தான் ஒரு மதியம் போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். எங்கோ வெளிநாட்டில் தொப்பி போட்ட ஒரு ஆள், துணி தேய்க்கும் மேசை மாதிரி ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசையின் மேலே கம்பிகள். கீழே தையல் மிஷினில் இருப்பதுபோல் பெடல்கள். இடது கையில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிமேல் மெதுவாக இழுத்தார். காலால் பெடலை அழுத்தினார். கம்பிகளில் ஒன்று மட்டும் மேலே ஏறியது, மற்றவை அதனதன் இடத்தில் நின்றன. காலை எடுத்ததும் ஏறினது இறங்கி வந்து மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. அவர் வாசித்த பாட்டு எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஏறி இறங்குகிற இடம் என்னுடையது. என் தொண்டையில் இருந்து எடுத்து யாரோ ஒரு மேசையில் மாட்டிவைத்ததுபோல் இருந்தது. பாத்திரம் தேய்க்காமல் கிடந்தது. நான் அழுதுகொண்டே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அதற்குப் பெயர் பெடல் ஸ்டீல் கிடார் என்று தெரிந்துகொண்டேன். நம் ஊர்க் கடைகளில் விசாரித்தால் கிடாருக்கு ஏது பெடல் என்று கேட்டார்கள். பழைய பொருள் விற்கிற ஆப்பில் தேடு தேடென்று தேடினேன். மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தது: பிகினர் மாடல், அதிகம் உபயோகிக்காதது, சிறிய ஆம்ப்ளிஃபயருடன். இடம் எங்கே என்று பார்த்தால், எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாமி என்றெல்லாம் சுலபமாகச் சொல்கிறவள் இல்லை நான், அன்றைக்குச் சொன்னேன்.

விற்றவர் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. அமெரிக்காவில் சில வருஷம் இருந்தபோது வாங்கி, வீட்டுச் சாமான்களோடு கப்பலில் போட்டு அனுப்பியிருக்கிறார். இங்கே வந்தபிறகு அதைத் தொட நேரமில்லை. நானும் என் வீட்டுக்காரரும் போனபோது அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். ஹாலில் ஜன்னலோரமாக அது நின்றது. அதன்மேல் ஒரு போர்வையை விரித்து, துவைத்த துணிகளை மடித்து அடுக்கியிருந்தார்.

"இவரு வாசிக்கிறதே இல்லீங்க. ஆனா துணி மடிக்க நல்ல உயரம்" என்றார் அந்த அம்மா.

துணிகளை எடுத்தார்கள், போர்வையை எடுத்தார்கள். கறுப்பு மரப்பலகை, பத்துக் கம்பி, மூன்று பெடல், முழங்காலால் தள்ளுவதற்கு ஒரு நெம்புகோல். கோயம்புத்தூர்க்காரர் உட்கார்ந்து, மறந்துபோன கையால் ஒரு சின்னத் துண்டு வாசித்துக் காட்டினார். தப்பும் தவறுமாகத்தான் வாசித்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது.

என் வீட்டுக்காரர் அதற்குள் தரையில் மல்லாந்து படுத்து, போன் வெளிச்சத்தில் மேசையின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நீளநீளமான கம்பிகளும் குட்டிக் குட்டி இணைப்புகளுமாக ஒரு மிஷினே இருந்தது. ஒவ்வொன்றாக விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார். முகம் சுளித்திருந்தது.

"எல்லாமே ப்ளே சார்" என்றார்.

"ஆமாங்க" என்றார் கோயம்புத்தூர்க்காரர், முகமெல்லாம் சந்தோஷமாக. "எல்லாமே அருமையா ப்ளே ஆகுதுங்க."

என் வீட்டுக்காரர் ஒரு நொடி அவரையே பார்த்தார். தன் பொருளின் குறையை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்கிற ஆளை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் இடையில் புகுந்து, "அடியில இருக்கிற கம்பியெல்லாம் லூசா இருக்குதுன்னு சொல்றாருங்க" என்றேன்.

"ஓ, அதுங்களா? அது அப்படித்தானுங்க இருக்கோணும். ஒவ்வொரு கம்பி முனையிலயும் வெள்ளையா ஒரு நைலான் நட்டு இருக்குதுங்கள்ல, அதுக்குப் பக்கத்துல துளியூண்டு சந்து இருக்கோணும். அது இருந்தாத்தான் காலை எடுத்ததும் சுருதி தன்னோட இடத்துக்குத் திரும்பி வருமுங்க. அதை மட்டும் தொட்டுறாதீங்க."

எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரர் தலையாட்டினார், அதனால் அவருக்கும் புரிந்தது என்று நினைத்தேன். அந்த லூசைச் சொல்லியே விலையைக் கொஞ்சம் குறைத்து முடித்தார். ஆட்டோவில் கிடார் பெட்டியைக் குறுக்கே வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து வந்தோம். பாதி வழியில் என்னிடம் சொன்னார்: "பழைய வண்டி விக்கிறவன்லாம் இதத்தான் சொல்வான். சத்தம் வருதுன்னா, அது அப்படித்தான் சார்னுவான். நா பாக்காத ஆளா?"

"அவரு உண்மையைத்தான் சொல்றாருங்க. அதைத் தொட வேணாம்" என்றேன். ஆட்டோ சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "சர்ரி, சர்ரி" என்றார்.

அதற்குப் பிறகான மாதங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, சொன்னால் வயிறு எரியும். பள்ளியிலிருந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவேன். விரல்களில் இரும்பு நகங்களை மாட்டிக்கொண்டு, இடது கையில் அந்த இரும்புத் துண்டோடு, எது சத்தம் எது ஸ்வரம் என்று தெரியாமல் தடவிக்கொண்டிருப்பேன். முதலில் பூனை சண்டைபோல் இருந்தது. அந்த மேற்கத்திய சுருதிக்குள் என் ஸ்வரங்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று கண்டுபிடிக்கவே நாளானது. பிறகு ஒரு சாயங்காலம் கீழே இருந்து மெதுவாக இழுத்துக்கொண்டு வந்து, நடுப் பெடலைப் பாதி அழுத்தி, அப்படியே விட்டேன். சஹானா வந்தது. நான் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுவேனே, அந்தப் பிடி. ஏறி, ஒரு கணம் தயங்கி, குழைந்து இறங்கியது. பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண், "டீச்சர், பாட்டு வந்துடுச்சா?" என்று கேட்டாள். வந்துடுச்சு என்று கையால் சைகை காட்டினேன்.

எனக்கு அந்த ஏற்றம்கூடப் பெரிதில்லை. ஏறுவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. இறக்கம்தான் முக்கியம். காலை எடுத்ததும் யாரும் தள்ளாமல், யாரும் இழுக்காமல், கிளம்பின இடத்துக்கே அது வந்து சேரும். என் குரலுக்கு இருந்ததும் அந்தத் திரும்புதல்தான். அதைத் திரும்பக் கேட்கத்தான் நான் பள்ளி விட்டதும் ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரருக்குக் கேட்டது வேறு. காலை எடுக்கும்போது அடியிலிருந்து மெல்லிசாக 'டக்' என்று ஒரு சத்தம் வரும். டீ குடித்துக்கொண்டே காதைச் சாய்ப்பார். "டக்குன்றது பாரு" என்பார். இருக்கட்டும் என்பேன். அடுத்த நாளும் சொல்வார். பாட்டு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் கண் பெடலின் அடியிலேயே இருந்தது. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இருபது வருஷமாகக் கேட்கிற புலம்பல்தானே.

ஆயுத பூஜைக்கு முன்னால் வேப்பம்பட்டில் என் அக்கா வீட்டில் ஒரு விசேஷம். பள்ளிக்கும் லீவு. நான் முன்னாடியே போய் ஒத்தாசைக்கு இருந்துவிட்டு, பூஜை அன்றைக்கு மின்சார ரயிலில் திரும்பி வந்தேன். வாசலில் ஸ்கூட்டருக்கு மாலை போட்டிருந்தது. உள்ளே டூல் ரூமில் அவரோடு வேலை செய்கிற நண்பர் பொரி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

"கண்ண மூடிகினு உள்ள வா" என்றார் என் வீட்டுக்காரர்.

ஹாலின் நடுவில் கிடார் நின்றது. கால்களைப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார். மூன்று பெடல்களுக்கும் சந்தனம், குங்குமம். மேலே ஒரு முழம் பூ. எனக்கு ஒரு கணம் மனசு நிறைந்துவிட்டது. இந்த மனிதர் இத்தனை வருஷத்தில் என் பாட்டுக்குப் பூ வைத்தது அதுதான் முதல் தடவை.

"அடியில பாருமே" என்றார்.

குனிந்து பார்த்தேன். வெள்ளை நைலான் நட்டு ஒன்றுகூட இல்லை. அந்த இடத்திலெல்லாம் பித்தளை நட்டு மின்னியது.

"லேத்துல நாங்களே கடைஞ்சது. நீ இல்லாத நேரமாப் பாத்து முடிச்சிட்டோம். அச்சுக்கெல்லாம் சுத்தி வளையமா புஷ் போட்டு டைட் பண்ணிகீறோம். அப்பறம் கம்பி முனைலாம் வெளில நீட்டிகினு இருந்துதா, கைய கிழிக்கும்னு நட்டோட சேத்து அறுத்துட்டேன். கழலாம இருக்க உள்ள பசையும் ஊத்தியாச்சி. இனிமே உன் பேரன் காலத்துக்கும் ஆடாது. ஒக்காரு, வாசி."

உட்கார்ந்தேன். நடுப் பெடலை அழுத்திக் கம்பியை மீட்டினேன். ஏறியது. காலை எடுத்தேன். 'டக்' என்ற சத்தம் வரவில்லை. ஸ்வரமும் திரும்பி வரவில்லை. கிளம்பின இடத்துக்கு வர வழியில்லாமல், பாதி உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்துக் கம்பியோடு சேர்த்து மீட்டினால் பல் கூசுகிற மாதிரி ஒரு ஓசை. அடுத்த பெடல், அதற்கடுத்தது, முழங்கால் நெம்புகோல். எல்லாம் ஒரே கதை.

"சத்தம் போச்சு பாத்தியா?" என்றார்.

நான் எழுந்து நின்று கத்தினேன். யாரைக் கேட்டுத் தொட்டீர்கள் என்று கத்தினேன். தொடாதே என்று அந்த ஆள் சொன்னாரே, நானும் சொன்னேனே என்று கத்தினேன். இருபது வருஷமாக என் நாற்காலியை, என் ஜன்னலை, என் தையல் மிஷினை, எதையாவது கேட்டுத் தொட்டிருக்கிறீர்களா என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினேன். ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. என் வாயிலிருந்து காற்றுதான் வந்துகொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

அவர் நண்பரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "டீச்சரம்மாவுக்கு சந்தோசத்துல பேச்சே வரல."

"அண்ணி மனசு குளிர்ந்துச்சே, அது போதும் அண்ணாத்தே" என்றார் நண்பர்.

அழுகையில் தொண்டை காய்ந்துவிடும் என்று அவரே போய் வெந்நீரில் பனங்கற்கண்டு போட்டு எடுத்துவந்தார். குடித்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

மறுநாள் காலையில் குரல் கொஞ்சம் திரும்பியதும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். அழுத்திக் காட்டினேன். விட்டுக் காட்டினேன். முதலில், மேலே இருக்கிறது பழைய கம்பி, அதனால் அப்படி என்றார். பிறகு தரையில் படுத்து வெகுநேரம் பார்த்தார். ஒரு நட்டைத் திருகப் பார்த்தார், பசை பிடித்திருந்தது. சூடு காட்டிக் கழற்றப் போனார், பசையோடு மரையும் போனது. நட்டை விட்டாலும் கம்பி முனையை அறுத்தாயிற்று, இனி நைலான் நட்டு மாட்ட அங்கே இடமில்லை. கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் செய்தேன். அந்த உறுப்புகள் இங்கே கிடைக்காதுங்க, அந்தக் கம்பெனியும் இப்போ இந்த மாடலைச் செய்யறதில்லீங்க என்றார். பாவம், அவருக்கே குரல் கம்மிவிட்டது.

என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து கையைத் துணியில் துடைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பாட்டுக்கு இப்படி ஒரு சந்து வேண்டியிருக்கும் என்று டூல் ரூமில் யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை.

"அப்போ ப்ளே வோணுமா இதுக்கு?" என்று கேட்டார்.

"ஆமா."

அவர் துடைத்த துணியை மடித்துத் தரையில் வைத்தார். பிறகு கேட்டார்: "இத்த நீ சத்தமா சொல்லியிருக்கலாம்ல?"

கேலியாகக் கேட்டிருந்தால் கையில் இருந்த இரும்புத் துண்டை வீசியிருப்பேன். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். என் குரல் போய் இவ்வளவு காலமாகியும், நான் சத்தமாகச் சொல்ல முடியும் என்றும், வேண்டுமென்றேதான் மெதுவாகப் பேசுகிறேன் என்றும் அவர் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு ஆறாதது அதுதான். நட்டையும் கம்பியையும்கூட என்றைக்காவது மன்னித்துவிடுவேன், அந்தக் கேள்வியை முடியாது.

விற்றுவிடலாம் என்றார், நான் வேண்டாம் என்றேன். இதை எவர் தலையில் கட்டுவது? அது இப்போதும் ஹாலில் ஜன்னலோரமாக நிற்கிறது. பள்ளிவிட்டு வந்ததும் மாடியிலிருந்து துணிகளை எடுத்துவந்து, மேலே ஒரு போர்வையை விரித்து மடிக்கிறேன். அந்த அம்மா சொன்னது சரிதான், நல்ல உயரம். கொஞ்சம்கூட ஆடுவதில்லை.